மாமி எறிந்த இளநீர்

இன்றைய மரதன் ஓட்டத்தில், புங்குடுதீவுப் பாலத்தில் வைத்து, மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் என் முதுகில் ஓங்கி அறைந்துவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

பின்னால் வந்த என் கணவரின் ஓட்டோவில் அவருடைய அம்மா, என் மாமி, இருந்தார். நான் காற்சட்டையோடு ஓடுவது அவருக்குத் துளியும் பிடிக்காது. இருந்தும் எனக்காக இளநீர் கொண்டுவந்திருந்தார்.

அவற்றில் ஒன்றை அவன் முகத்துக்கே எறிந்தார். மூக்கு உடைந்து, இரத்தம் கொட்ட விழுந்தான். மாமி இறங்கிப்போய்ச் செருப்பாலும் விளாசினார்.

"ஐயோ மாமி, செத்துப்போவான்!" என்று கத்தினேன்.

"அவனை நான் பாக்கிறன். நீர் ஏன் நிக்கிறீர்? ஓடும்!"

ஓடி முடித்தேன். எல்லைக்கோட்டில் மாமி நின்றார்.

"இனியாவது அந்தக் காற்சட்டையை மாத்தும்."

அவர் கையில் இன்னும் ஓர் இளநீர் இருந்தது. நீங்களாக இருந்தால் "ஏலாது" என்று சொல்லியிருப்பீர்களா?