கட்டாயத் தாலி ஏறாத மண்டபம்

பெரம்பலூரில் ஜெகதாம்பாளை எல்லாரும் மண்டபத்தம்மா என்றே கூப்பிட்டார்கள். கணவர் போனபின் அவர் கட்டிய கல்யாண மண்டபத்தை அவள்தான் நடத்தினாள். சாம்பார் தீர்ந்து பந்தி நின்றாலும், சம்பந்திகள் முறுக்கிக்கொண்டாலும், இடுப்பில் சாவிக்கொத்தோடு அவள் வந்து நின்றால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

தொண்ணூற்றெட்டு வைகாசியில் ஒரு முகூர்த்தம். மணப்பெண் அனிதா அறையைத் தாழிட்டுக்கொண்டு திறக்கவில்லை. ஜெகதாம்பாள் பின்கதவு வழியாக உள்ளே போனாள். பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள் பெண்.

“யாரையாச்சும் மனசுல வச்சிருக்கியா?”

“ஆமாம்மா. அம்சவள்ளிய.”

“அது ஒன் சிநேகிதியில்ல?”

“சிநேகிதி மட்டும் இல்லம்மா. நீங்க ஒங்க வூட்டுக்காரர நெனைக்கிற மாதிரி.”

ஜெகதாம்பாளுக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபின்னும் சரியா தப்பா என்று சொல்லத் தெரியவில்லை. இந்தக் கழுத்தில் இன்றைக்குத் தாலி ஏறக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது. வெளியே வந்து மேளத்தை நிறுத்தச் சொன்னாள்.

“பொண்ணுக்குச் சம்மதமில்ல. என் மண்டபத்துல கட்டாயத் தாலி ஏறாதுங்க.”

இரு வீட்டாரும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். மாப்பிள்ளை மட்டும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான். அனிதாவைப் பிறந்த வீட்டில் சேர்க்கவில்லை. சில நாள் ஜெகதாம்பாளோடு இருந்துவிட்டு, அம்சவள்ளியோடு சென்னைக்குப் பஸ் ஏறினாள் அனிதா. இருவருக்கும் துணி தைக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது.

ஆறு வருடம் கழித்து அனிதா போன் செய்தாள். எங்களைப் போன்றவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்திருக்கிறோம், ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் பல ஊரிலிருந்து வருகிறார்கள், எங்களைக் குற்றவாளியாக்குகிற சட்டத்தை மாற்றுவது பற்றி ஒரு வக்கீல் பேசுகிறார், ஆனால் விஷயத்தைச் சொன்னதும் கூட்டம் நடத்த யாரும் இடம் தரமாட்டேன் என்கிறார்கள் என்றாள்.

“இங்க வாங்க. வாடகை வேணாம். சாப்பாடும் நானே போட்டுர்றேன்.”

தம்பி ராசாங்கம் கேட்டதும் கொதித்துப் போனான். “அக்கா, ஊரு காறித் துப்பும். அப்புறம் யாரு இங்க வந்து கல்யாணம் பண்ணுவா?”

“விருப்பம் உள்ளவங்க பண்ணட்டும்டா.”

கூட்டத்தன்று பந்தி நடக்கும்போது சிறுவாச்சூர் விவசாயி அமாவாசை வேகமாக உள்ளே வந்தார். கூட்டத்துக்கு வந்திருந்த அவர் மகன் அன்பழகன் இலையில் கை வைத்திருந்தான். அப்பாவைக் கண்டதும் எழுந்துவிட்டான். அமாவாசை அவன் தோளைப் பிடித்து இழுத்தார்.

ஜெகதாம்பாள் குறுக்கே போய் நின்றாள். “சாப்பிடுறவன இலையிலேருந்து எழுப்பாதீங்கண்ணே. நீங்களும் வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க.”

“மானம் போச்சுங்க.”

“எங்கேயும் போவல. இப்படியொரு புள்ளைய ரயில் தண்டவாளத்துலேருந்து பொணமா தூக்கியாந்தாங்கன்னு அந்த வக்கீலு சொன்னாங்க. ஒங்க புள்ள ஒங்க கண்ணு முன்னாடி உசுரோட நிக்கிறான். மொதல்ல சாப்புடுங்க.”

அமாவாசை மகன் தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு மகனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். ரசத்துக்குச் சோறு வாங்கும்போது, “நீ அப்பளம் வாங்கலியா?” என்று மட்டும் கேட்டார்.

ராசாங்கம் பயந்தது பாதி நடந்தது. அந்த ஆவணியில் மண்டபம் பூட்டியே கிடந்தது. ஜெகதாம்பாள் நகையை அடகு வைத்துச் சமாளித்தாள். ஊர் கொஞ்ச காலம் பேசியது, பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டது. தையில் மறுபடியும் மேளச்சத்தம் கேட்டது.

ஆண்டுக்கொருமுறை அந்தக் கூட்டம் அங்கேயே நடந்தது. வீட்டைவிட்டு வந்து நிற்பவர்களுக்காக மாடி அறைகள் இரண்டை ஒதுக்கிவிட்டாள். இரண்டாயிரத்து ஏழில், பெற்றவர்களுக்கென்று தனியாக ஒரு மணிநேரம் வைக்க வேண்டும் என்று சொன்னவர் அமாவாசைதான். அதற்கு அரியலூரிலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் சில தாய்மார்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். அவர் வாசலில் நின்று, “உள்ள வாங்க, நம்ம ஆளுங்கதான்” என்று அழைத்துக்கொண்டிருந்தார்.