பள்ளிக்கூடத்து மம்மி

என்னைப் பள்ளியில் சேர்ப்பதற்காக எங்கள் வீட்டில் அம்மாவை மாற்றினார்கள். இப்படி எழுதினால் பயங்கரமாகத் தெரிகிறது. அன்று அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீ குடித்தபடி சிரித்துப் பேசி எடுத்த முடிவு.

ஜோகுபாளையத்தில் ஒரே காம்பவுண்டில் கீழே நாங்கள், மாடியில் பெரியப்பாவும் பெரியம்மாவும். நான் சேரவேண்டிய பள்ளியில் தாய் தகப்பன் இருவரும் இங்கிலீஷில் பதில் சொன்னால்தான் சீட்டு. அடுகோடியில் லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா எப்படியோ சமாளித்துவிடுவார். திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாவுக்குத் தமிழும், காய்கறி வாங்கும் அளவுக்குக் கன்னடமும்தான். பெரியம்மா கான்வென்டில் படித்தவர், ஆபீஸில் டைப்பிஸ்ட். குழந்தை இல்லை.

"ஒரு நாள் கூத்துதானே. அண்ணி வந்து நாலு வார்த்தை பேசிட்டா முடிஞ்சுது," என்றார் அப்பா.

"என் பொண்டாட்டிய பத்திரமா திருப்பிக் கொண்டாந்து வுட்டுடுப்பா," என்றார் பெரியப்பா. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அம்மாதான்.

பெரியம்மா அம்மாவின் பெயரில் போய் உட்கார்ந்தார். சீட்டு கிடைத்தது. ஆனால் கூத்து ஒரு நாளில் முடியவில்லை. பள்ளிக்கு அந்த முகம்தான் என் தாய். பெற்றோர் கூட்டம், ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் அவரே போகவேண்டியதாயிற்று. விஷயம் வெளியே தெரிந்தால் டீசி கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

"அங்க அவங்கள மம்மின்னு கூப்புடு. அம்மான்னு கூப்புட வேணாம்," என்று வழி கண்டுபிடித்தவளும் அம்மாதான். தலை வாரிவிடும்போது ஒத்திகை நடக்கும்.

"பள்ளிக்கூடத்துல நான் யாரு?"

"சித்தி."

"அவங்க?"

"மம்மி."

சரியாகச் சொன்னால் முத்தம் கிடைக்கும். முத்தத்துக்காகவே நான் தவறாமல் சொன்னேன்.

இரண்டாம் வகுப்பு விளையாட்டு நாளன்று, தானும் ஒருதரம் வந்து பார்க்கிறேன் என்றாள் அம்மா. அப்பா தயங்கினார். பெரியம்மாதான், "வரட்டுமே, ஊர்லேர்ந்து வந்த சித்தின்னு சொல்லிக்கலாம்," என்றார். அவர் அன்று புதிதாக ஒரு சந்தன நிறச் சேலை கட்டியிருந்தார். மைதானத்தில் அவரைப் பந்தலின் முன்வரிசையில், தலைமையாசிரியை சிஸ்டருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அம்மா என் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டப் பாதை ஓரமாக, ஆயாக்களோடு நின்றாள்.

ஓட்டப் பந்தயத்தில் பாதி தூரத்தில் விழுந்தேன். முகவாய் கிழிந்து ரத்தம் கொட்டியது. எழுந்தபோது அம்மா சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தாள். கை நீட்டினால் தொடும் தூரம். வாய் அழுகைக்குத் திறந்துவிட்டது. அழவில்லை. முதலில் யோசித்தேன். பிறகு அம்மாவைச் சுற்றிக்கொண்டு, மைதானத்தின் அந்தக் கோடிவரை ஓடி, "மம்மி" என்று பெரியம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தேன். அங்கே போய்த்தான் அழுதேன். மைக்கைப் பிடித்திருந்த மிஸ், அடிபட்ட குழந்தைக்குத் தாய் மடிதான் வேண்டும் என்று இங்கிலீஷில் ஏதோ சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தப் பள்ளி எனக்கு நல்ல கையெழுத்தையும் நல்ல இங்கிலீஷையும் கொடுத்தது. ஒழுக்கத்துக்கான பரிசைக்கூட ஒன்றிரண்டு முறை வாங்கியிருக்கிறேன். ஆனால் அங்கே நான் முழுதாகக் கற்றுக்கொண்டது, அழுவதற்கு முன் யாரிடம் அழவேண்டும் என்று பார்த்துக்கொள்வதைத்தான். இன்றும் அப்படித்தான். பிரசவ அறையில் நர்ஸ் என் பொறுமையைப் பாராட்டினாள். ஆபீஸில் எனக்குப் பக்குவம் என்று பெயர். என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கணவர் குறைப்பட்டுக்கொள்கிறார். இப்போது என் மகளுக்கு எல்கேஜி நேர்காணல் வருகிறது. வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்டால், மம்மியோடு கதைப் புத்தகம் படிப்பேன் என்று சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன்.

"நாம படிக்கறதே இல்லையேம்மா?" என்கிறாள்.

சும்மா சொல்லு என்கிறேன். பிறகு, வேண்டாம், நிஜத்தையே சொல்லட்டும் என்று நினைக்கிறேன். மறுநாள் சாயங்காலம் மறுபடியும் கற்றுக்கொடுக்கிறேன்.

விளையாட்டு நாளன்று முகவாயில் தையல் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்தோம். பள்ளிப் பிள்ளைகள் பார்க்கலாம் என்று பெரியம்மாவின் மடியிலேயே இருந்தேன். எங்கள் தெரு திரும்பிய பிறகுதான் அம்மாவின் மடிக்கு மாறினேன்.

"கரெக்டா செஞ்சேனாம்மா?"

"ரொம்ப கரெக்டு கண்ணு," என்றாள். முத்தம் கொடுக்க மறந்துவிட்டாள். முகவாயில் கட்டு இருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா, "அக்கா, சேலைய அவுத்துக் குடுங்க, ரத்தம் காயறதுக்குள்ள அலசிடறேன்," என்றாள்.

"பரவால்ல, இருக்கட்டும் வுடு," என்றார் பெரியம்மா.

"புதுச் சேலைக்கா. கறை நின்னுடும்."

"நின்னா நிக்கட்டுமே. கட்டாம பீரோல வெச்சுக்கறேன்."

"அதெல்லாம் வேணாம். குடுங்க."

பெரியம்மா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா நீட்டிய கையை இறக்கவில்லை. அப்பா ஏதோ சொல்ல வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைசியில் பெரியம்மா மாடிக்குப் போய் வேறு சேலை கட்டிக்கொண்டு, கறைபட்டதைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா குழாயடியில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, சோப்புப் போட்டுத் தேய்த்தாள். சீக்கிரமே கறை போய்விட்டது. அதன்பிறகும் தேய்த்தாள். பெரியம்மா மாடிப்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கட்டுப் போட்ட முகவாயோடு இருவருக்கும் நடுவில் நின்றேன். அவர்கள் சேலையைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள் என்று நினைத்தேன்.