சுவிச்சைப் போட்டவன்

பருத்தித்துறைக் கடலோரத்தில் ஃபைபர் படகு கட்டும் பட்டறை ஒன்றுக்கு நான்தான் வயறிங் செய்தேன். படகு வார்க்கும் அறைக்குள் ரெசினும், தூரிகை கழுவும் அசிற்றோனும் எந்நேரமும் நெடியடிக்கும். அந்த ஆவி பற்றிக்கொள்ள ஒரு சின்னப் பொறி போதும். ஆகவே கனத்த இரும்புக் கூட்டுக்குள் அடங்கிய விளக்கும் விசிறியும் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். மூடியில் ஒரு போல்ட் குறைந்தாலும் வேலையை நிறுத்திவிடுவேன். அங்கே பல வருடம் வேலை செய்த ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், எனக்கு 'போல்ட் அண்ணை' என்று பட்டமே வைத்தார். சுவிச்சை மட்டும் வெளிச்சுவரில் போட்டேன். சுவிச்சைத் தட்டும்போதெல்லாம் அதற்குள் பொறி பறக்கும். அது வெளியேதான் இருக்கவேண்டும்.

உப்புக் காற்று அந்தச் சுவிச்சை இரண்டு தரம் தின்று தீர்த்தது. மூன்றாம் தரம் முதலாளி பொறுமை இழந்தார்.

"உந்தச் சுவிச்சை உள்ளுக்குப் போட்டுவிடும். சும்மா சும்மா வந்து மாத்திக்கொண்டிருக்கப் போறீரே?"

எனக்கும் அலுத்துப்போயிருந்தது. கதவுக்கு உட்பக்கம், இறப்பர் வளையம் வைத்த, தண்ணீர் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சாதாரண சுவிச் ஒன்றைப் போட்டேன். தண்ணீர் போகாத பெட்டிக்குள் ஆவி மட்டும் எப்படிப் போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். படித்துத்தானே சான்றிதழ் வாங்கினேன்.

ஒரு மத்தியானம் விசிறியை நிறுத்தி, மணல் பறக்கிறதென்று கதவையும் சாத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். அசிற்றோன் வாளி மூடாமல் கிடந்தது. எனக்குப் பட்டம் வைத்தவர்தான் முதலில் திரும்பி வந்தார். நெடி மூக்கில் அடிக்க, விசிறியை ஓடவிடலாமென்று சுவிச்சைத் தட்டினார். அறையே பற்றிக்கொண்டது.

மூன்றாம் நாள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு விசாரணை அதிகாரி வந்தார். முகத்திலும் இரண்டு கைகளிலும் கட்டுடன் எனக்குப் பட்டம் வைத்தவர் கட்டிலில் கிடந்தார். நானும் முதலாளியும் கட்டிலருகே நின்றோம்.

"சுவிச்சை ஆர் போட்டது?" என்று அதிகாரி கேட்டார்.

எங்கள் பேச்சில் சுவிச்சைப் பொருத்துவதும் போடுவதுதான், தட்டுவதும் போடுவதுதான். பதில் சொல்ல வாயெடுத்தேன். கட்டிலில் கிடந்தவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் ஐயா போட்டனான்."

அதிகாரி எழுதிக்கொண்டார். முதலாளி என் பக்கம் திரும்பவேயில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். தொழிலாளியின் கவனக்குறைவு என்று அறிக்கை வந்தது.

சில மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன், சத்தியமாக. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன கைகளை மடியில் வைத்தபடி அவர் கதிரையில் இருந்தார். அவருடைய மனைவி எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அண்ணை, உங்களுக்கு உந்த வேலை தெரியும்தானே. அண்டைக்குச் சுவிச்சுப் போட்டது பிழைதானே?"

"ஓம் தங்கச்சி," என்றேன். "சுவிச்சுப் போட்டது பிழைதான்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியளே? அண்ணையும் சொல்லுறார். நான் சொன்னால் மட்டும் உங்களுக்குக் கோவம் வருது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.