வீடியோ காலில் ஒரு விழுங்கல் சோதனை

பேச்சு, விழுங்கல் பயிற்சி தரும் ஸ்பீச் அசிஸ்டென்டாகப் பதிவு வாங்கி வேலைக்குப் போகப்போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. பயிற்சிகளை நாம் செய்விக்கலாம். நோயாளி பத்திரமாக விழுங்குகிறாரா என்று சோதிப்பது தெரபிஸ்டின் வேலை. அதுவும் நேரில்.

குன்னூரில் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்குத் தெரபிஸ்ட் மேடம் வாரம் ஒருமுறை கோவையிலிருந்து வருவார். மற்ற நாட்களில் வீடியோ கால்.

1. தேத்தண்ணி

செல்லையா தேயிலை ஃபேக்டரியில் இருந்தவர். பக்கவாதம் வந்து, மூக்கில் போட்ட டியூப் வழியாகக் கஞ்சி போய்க்கொண்டிருந்தது. அவர் மனைவி லெட்சுமியம்மா என்னைக் கண்டாலே சண்டைக்கு வருவார்.

"ஊருக்கே தேத்தூள் அரைச்ச மனுசன் புள்ள. ஒரு வாய் தேத்தண்ணிக்குக் கெஞ்ச வச்சிட்டியே."

"மேடம் வந்து பாக்கணுங்கம்மா."

"அவுக வர்றதுக்குள்ள இவரு போயிருவாரு."

அந்த வாரம் மலைப்பாதையில் மண் சரிந்தது. மேடம் வரவில்லை. மருத்துவமனை மேனேஜர் போனோடு வந்தார்.

"மேடம் லைன்ல இருக்காங்க. ஒரு ஸ்பூன் தண்ணி குடுத்துக் காட்டுங்க. டிஸ்சார்ஜ் பண்ணணுமுங்க."

செல்லையாவை "ஆ" சொல்லச் சொன்னேன். தொண்டையில் எச்சில் தேங்கிக் குரல் களகளவென்று வந்தது.

"வாய்ஸ் க்ளியரா இருக்கே?" என்றார் மேடம். போன் இரைச்சலை வடிகட்டும்போது அந்தக் களகளப்பும் போய்விட்டது.

"இல்லீங்க மேடம். இங்க ஈரமா கேக்குது. எச்சிலே இறங்கல."

"அசெஸ்மென்ட் நான் பண்றேன். நீ ஸ்பூனைப் பிடி, போதும்."

"நேர்ல வந்து பாருங்க மேடம். நான் குடுக்கமாட்டேன்."

மேனேஜர் சிரித்தார். "சட்டம் பேசறாங்க பாருங்க. அப்புறம் உங்களுக்குச் சம்பளம் எதுக்குங்க?"

லெட்சுமியம்மா என்னை ஒதுக்கினார். "நகரு புள்ள. எம்புருசனுக்கு நா குடுத்துக்குறேன்."

கொடுத்தார். செல்லையா இருமவில்லை.

"பாத்தியா?" என்றார் மேடம். இருமல் வராமலே தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கலாம் என்று போனைப் பார்த்துச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. மேடம் சரியென்று சொன்னதும் டாக்டர் டியூபை எடுக்கச் சொன்னார்.

2. அதற்குப் பிறகு

வீட்டுக்குப் போன சில நாட்களில் செல்லையா காய்ச்சலோடு திரும்பி வந்தார். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. பிழைக்கவில்லை.

உறவினர் தாமாகவே தண்ணீர் கொடுத்துவிட்டார் என்றது மருத்துவமனை. மேடமும் அதையே சொன்னார். துணிமணி எடுக்க வந்த லெட்சுமியம்மா என்னிடம் கேட்டார்.

"நாதான் கொன்னேங்குறாக. நெசமா புள்ள?"

"இல்லீங்கம்மா. சரின்னு சொன்னது போன்ல இருந்தவங்க."

"போன்ல இருந்தவுகள யாரு புடிக்கப்போறா?"

எங்களுக்குப் பதிவு தரும் கவுன்சிலுக்கு மேடம் மேல் புகார் எழுதினேன். வேலை போனது. பதில் வரவில்லை. மேடம் இப்போது வேறொரு மருத்துவமனைக்கும் வீடியோ காலில் மேற்பார்வை பார்க்கிறார்.

நான் கற்றது இவ்வளவுதான். அனுமதி தருகிறவர் தூரத்தில் இருந்தால், பழி அறைக்குள் இருப்பவர் மேல் விழும். நான் மறுத்ததால் அந்தப் பழியிலிருந்து தப்பித்தேன். என்ன ஆபத்து என்று லெட்சுமியம்மாவிடம் மட்டும் அங்கே ஒருவரும் விளக்கிச் சொல்லவில்லை, நான் உட்பட.