பொன்ராஜ் அண்ணாச்சியின் சத்தம்

பொன்ராஜ் அண்ணாச்சி இறந்துவிட்டார். நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மில் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்.

இந்த வருஷம் அந்த குரூப்பில் இப்படி எத்தனை போட்டோ... கை கூப்புகிற படத்தைத் தட்டிவிட்டுத் தூங்கப் போக இந்த முறை முடியவில்லை.

கோவில்பட்டி நூல் மில்லில் அவர் ஃபிட்டர். நான் அவருக்கு ஹெல்பர். வருஷக்கணக்காக ஒரே ஷிப்ட்.

அண்ணாச்சிக்குக் குரல் பெரிசு. மெஷின் இரைச்சலில் கத்திக் கத்தி, டீக்கடையிலும் அதே சத்தம்தான். "சாப்ட்டியாலே?" என்று கேட்டாலே சண்டைக்கு இழுக்கிறார் என்று புது ஆட்கள் ஒதுங்குவார்கள்.

நான் நேர் எதிர். கேட்டால்தான் பதில். மில்லில் எனக்கு 'அழுத்தக்காரன்' என்று பேர்.

ஒருநாள் கேன்டீனில் அவர் என்னைத் திட்டுகிறார் என்று நினைத்து சூப்பர்வைசர் விலக்கிவிட வந்துவிட்டார். மகள் டிகிரி முடித்த சந்தோஷத்தைத்தான் அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மகளைப் பெண் பார்க்க விளாத்திகுளத்திலிருந்து வந்தார்கள். நானும் இருந்தேன். இந்த வருஷம் மிளகாய் எப்படி என்று அண்ணாச்சி கேட்டார், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. பெண் பிடித்திருக்கிறது, அப்பாதான் முன்கோபி போல என்று பிறகு தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்து குளத்தூர் சம்பந்தம். வாயே திறக்கக் கூடாது என்று அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி, கண்டித்துச் சொல்லிவிட்டார். அண்ணாச்சியும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம், வேர்த்துக் கொட்டியது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். பெண்ணின் அப்பாவுக்கு இதில் இஷ்டம் இல்லை போல என்றார்.

காபி டம்ளர்களை எடுக்க வந்த மகள் அப்படியே நின்றாள்.

"எங்க அப்பா சத்தமாத்தான் பேசுவாவ. நீங்க பயந்துருவியன்னு பேச விடாம வச்சிருக்கோம். அவிய பேசுறதக் கேட்டுட்டு, அப்புறம் போறதுன்னா போங்க."

"எனக்குப் பரிபூரண சம்மதம்" என்றார் அண்ணாச்சி. தெருவுக்கே கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

ரிட்டயர் ஆன பிறகு, காது மந்தமாகிவிட்ட அண்ணாச்சிக்கு மருமகன் காது மெஷின் வாங்கிக் கொடுத்தார். போன பொங்கலுக்குக் கடம்பூரில் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மெதுவாகப் பேசினார்... வேறு யாரோ மாதிரி இருந்தது.

"சத்தம் சத்தம்னு சொல்லுவாவ. எஞ்சத்தம் இம்புட்டுன்னு நெனைக்கலியேலே" என்றார்.

மதினிக்கு அந்த மெதுவான பேச்சு பிடிக்கவில்லை. "எம்மேல ஏதும் கோவமோன்னு ரெண்டு நாளா பயந்துட்டேன் தம்பி."

அண்ணாச்சி மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு சாப்பிட்டு முடிக்கிறவரை பழைய சத்தம்தான்.

இன்று பஸ் ஸ்டாண்டிலிருந்தே மகளுக்கு போன் போட்டேன். எடுத்துவிட்டாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எப்போதும் தெரிந்ததில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சித்தப்பா. கொஞ்ச நேரம் லைன்ல இருங்க."

இருந்தேன். அவள் அழுது முடிக்கிறவரை இருந்தேன்.

சாயங்காலம் எடுக்கிறார்கள். கண்ணெல்லாம் எரிகிறது... கடம்பூர் பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன்.

வந்துக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி.