ஐந்தாவது குழாய்

ஆந்திராவில் வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஏரிக்கு மலையிலிருந்து தண்ணீர் வருவது ஒரே கால்வாய் வழியாகத்தான். ஏரி நிரம்பினால்தான் எங்கள் கிணறு ஊறும், கிணறு ஊறினால்தான் நெல். அதனால் மேகம் கறுத்தாலே நான் கால்வாயைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன்.

கால்வாயை யாரும் அழித்துவிடவில்லை. அதுதான் கொடுமை. முதலில் ரோடு வந்தது, பிறகு கல்யாண மண்டபம், செங்கல் சூளை, வீட்டுமனைகள். ஒவ்வொரு தடவையும் ஊரே திரண்டு போய், கால்வாயை மூடுவதானால் அடியில் சிமெண்டுக் குழாய் போட்டே ஆகவேண்டும் என்று நின்றோம். போட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். ஒரு குழாய் இடுப்பளவு, அடுத்தது அதைவிடச் சின்னது. யாருக்கும் உறுத்தவில்லை.

போன வருஷம் மறுபடி ஒரு வீட்டுமனை லேஅவுட். ஊர்க்காரர்கள் பழையபடி குழாய் கேட்கக் கிளம்பினார்கள். நான் மட்டும், குழாய் வேண்டாம், கால்வாயைத் திறந்தே விடச் சொல்லுங்கள் என்றேன். என் மைத்துனன் சிரித்தான்.

"நாலு குழாய்ல போற தண்ணி அஞ்சாவதுல போவாதா மாமா? வுழுந்துடுவோம்னு கெணத்துப் பக்கமே போவாத ஆளு நீ."

இடம் பார்க்க வந்த அதிகாரியிடமும் போய் நின்றேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. அதிகாரி என்றாலே தெலுங்கும் தமிழும் சேர்ந்து நாக்கில் சிக்கும். மலையடியிலிருந்து ஏரி வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்கள், எல்லாக் குழாய்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. வெயிலில் நின்று கேட்டார். தன்னிடம் வந்திருப்பது இந்த ஒரு சர்வே நம்பர்தான், மற்றதெல்லாம் அப்போதே சரிபார்த்து முடிந்தவை என்றார். ஐந்தாவது குழாயையும் போட்டார்கள்.

கார்த்திகையில் நல்ல மழை. போய்ப் பார்த்தால் சூளைக்குப் பக்கத்துக் குழாயின் வாயில் பிளாஸ்டிக்கும் முள்ளும் அடைத்து, தண்ணீர் எதிர்த்து ரோட்டில் ஏறி, மண்டபத்து வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனனும் வந்தான். இருவரும் கழியால் குத்தினோம். அங்கே அடைப்பை எடுத்துவிட்டால் தண்ணீர் அடுத்த குழாயில் நின்றது. அவன் கழியைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் நடந்தான். ஏரியில் முழங்கால் தண்ணீர்கூடச் சேரவில்லை.

வீட்டில் நாற்றுவிட எடுத்து வைத்த விதைநெல் அப்படியே இருந்தது. இன்னும் மழை வரும், பார்க்கலாம் என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

"வர்றது எந்த வழியா வரும்?" என்றாள் என் மனைவி.

மறுநாள் காலை அடுப்பில் பெரிய அண்டா ஏறியிருந்தது. சாப்பாட்டுக்காவது ஆகட்டும் என்று விதைநெல்லை அவிக்கப் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.