கட்டிலின் அகலம்

மூட்டைப்பூச்சிக்காகத்தான் அந்தக் கட்டிலில் கைவைத்தோம் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ தெரியாது. சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போயிற்று. இப்போது எழுத உட்கார்ந்தாலும் அதே அலுப்புத்தான் முதலில் வருகிறது.

என்னைக் கலியாணம் முடித்தபோது என் கணவருக்கு மலாயாவில் கிளாக்கர் உத்தியோகம். லீவில் வந்து தாலி கட்டிவிட்டு, லீவு முடியக் கப்பல் ஏறுகிற மாப்பிள்ளைகள் அந்த நாளில் எங்கள் ஊரான கோப்பாயில் ஒழுங்கைக்கு ஒருவராவது இருப்பார்கள். இவரும் அடுத்த லீவில் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லித்தான் போனார்.

அவர் நெடுத்த ஆள். எங்கள் வீட்டு வாசலில் குனிந்துதான் உள்ளே வருவார். சீதனத்தோடு வந்த கட்டிலில் படுத்தால் முழங்காலுக்குக் கீழே பாதி வெளியே நிற்கும். பட்டினத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பிப் போகையில் வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். அங்கே போய் ஒரு பென்னாம்பெரிய தேக்கங் கட்டிலை எடுத்து, கழற்றி, மாட்டு வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். தலைமாட்டுப் பலகை நிறைய ஊரில் இல்லாத ஏதோ பூவெல்லாம் செதுக்கியிருந்தது. பூட்டி முடிந்ததும் அறையில் நடக்க இடமில்லை. அவ்வளவு பெரிய கட்டிலிலும் அவர் நீட்டிப் படுத்தால் பாதம் கால்மாட்டுப் பலகையில் முட்டும். ஒரே வளவில் வீடு கட்டிக்கொண்டு இருந்த என் அண்ணை, "துரைமாரின்ரை கட்டிலும் உமக்குக் காணாதெண்டால், மச்சான், இனி வண்டிலைத்தான் உள்ளுக்கை தள்ளிவிட வேணும்" என்று பகிடி பண்ணுவார்.

அவர் போய்க் கொஞ்சக் காலத்தில் சண்டை தொடங்கிற்று. யப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு கடிதமும் இல்லை, காசும் இல்லை. எல்லா வீடுகளிலும் இதே நிலைமைதான் என்று ஆளுக்கு ஆள் ஆறுதல் சொன்னார்கள். எல்லாருக்கும் பசிக்கிறது என்று சொன்னால் என் பசி அடங்கிவிடுமா? மிஷன் பள்ளிக்கூட விடுதியில் இருந்து படித்தபோது தையலும் பூவேலையும் பழகியிருந்தேன். அதை வைத்து அயலில் உள்ள பெட்டைப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன்.

அவர்களை ஹோலில் பாய் போட்டு இருத்தினேன். ஹோலில் கிடந்தது ஒரு மேசையும் ஒரு கதிரையும்தான். கொஞ்ச நாளில் ஒரு தாய் வேலிப் படலையில் நின்று சொன்னாள்: "தங்கச்சி, நிலத்திலை இருத்தித் தைப்பிக்கிறீர். பிள்ளையின்ரை முதுகு கூனிப்போச்சு. ஒரு வாங்கெண்டாலும் போடக்கூடாதோ?" அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வரவில்லை. அவளைப் பார்த்து இன்னொருத்தியும் நின்றுவிட்டாள்.

சாய்ந்து இருக்கிற மாதிரிப் புது வாங்கு செய்விக்க எங்கே போவது? கூப்பன் அரிசியோடு நாள் போய்க்கொண்டிருந்த காலம். அறைக்குள்ளோ துரையின் கட்டில் சும்மா கிடந்து மூட்டை வளர்த்தது. நான் பாயில்தான் படுத்தேன். ஒரு நாள் அண்ணை வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தலைமாட்டுப் பலகையைச் சாய்மானமாக வைத்து, கால்மாட்டுப் பலகையை நடுவால் அரிந்து இரண்டு பக்கமும் கைப்பிடியாகப் பூட்டினால், கட்டிலின் அகலத்துக்கு நல்ல ஒரு வாங்கு வரும் என்றார். நீளத்தில் மிஞ்சுகிற பலகை நூல் பெட்டிகள் வைக்கத் தட்டாகும். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் காலை புரியாணிகளைத் திருகிக் கழற்றி ஒவ்வொரு பலகையாக முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். அண்ணை கால்மாட்டுப் பலகையை வாளால் அரிய, நான் குசினியில் தண்ணீர் கொதிக்க வைத்து மற்றப் பலகைகளின் பொருத்துகளில் ஊற்றிச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மெத்தையைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு மூட்டை. அண்ணை அதை வேலி ஓரமாக இழுத்துக்கொண்டு போய் நெருப்பு வைத்தார். பழம் பஞ்சு எரியாமல் புகைந்தது. புகை வேலிக்கு மேலால் ஒழுங்கை முழுக்கப் போயிற்று. எனக்கோ உடம்பெல்லாம் அரிப்பு. கிணற்றடியில் தலை முழுகிவிட்டு, பொட்டும் வைக்காமல் ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் முற்றத்துக்கு வந்து நின்றேன்.

எங்கள் பக்கத்தில் கட்டிலை முற்றத்தில் போட்டுக் கழுவுவதும், படுக்கையை எரிப்பதும், வீட்டுப் பெண் நேரமில்லாத நேரத்தில் தலை முழுகுவதும் ஒரே ஒரு காரியத்துக்குத்தான். வேலிக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. மூளை மூட்டையிலேயே நின்றுவிட்டது.

முதலில் படலை திறந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மாமி, என் கணவரைப் பெற்ற தாய், அடுத்த ஒழுங்கையிலிருந்து ஓடி வந்திருக்கிறா. கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடக்கிறது. பின்னால் அயலட்டைப் பெண்கள் அத்தனை பேரும். "என்ரை ராசா!" என்று கத்திக்கொண்டு மாமி ஈரத்தோடு கிடந்த தலைமாட்டுப் பலகையில் போய் விழுந்தா. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். ஒரு கிழவர் அண்ணையைத் தேடிப் போய், பறைக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டார்.

எனக்குத் தெரியாமல் செய்தி ஏதும் வந்துவிட்டதோ என்று நானே நினைத்தேன். பிறகுதான் புகை கண்ணில் பட்டது.

"மாமி, ஒண்டும் வரேல்லை. ஒரு செய்தியும் வரேல்லை."

"மறைக்காதை பிள்ளை. நான் பெத்தவள். எனக்கு மறைக்காதை."

"சத்தியமாய் இல்லை மாமி. மூட்டை. மூட்டைக்குத்தான் கழுவினது."

"மூட்டைக்கோ?"

"ஓம்."

ஒப்பாரி ஒவ்வொரு குரலாக அடங்கிற்று. கடைசிக் குரல் ஒன்று கொஞ்ச நேரம் தனியாக இழுத்துவிட்டுத்தான் நின்றது. அண்ணை கையில் வாளோடும் முகத்தில் கரியோடும் வந்து நின்றார். மாமி எழும்பி முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தா. முற்றத்தில் கிடந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தா. இரண்டாக அரிந்து கிடந்த கால்மாட்டுப் பலகையில் கண் போய் நின்றது.

"அப்ப என்ரை பிள்ளை வந்து எதிலை படுக்கிறது?"

எனக்குச் சரியான கோபம். இவ்வளவு பேரும் இந்த அழுகையை எத்தனை நாளாக மடியில் கட்டி வைத்திருந்தார்கள்? வருவார், வருவார் என்று எனக்கு ஆறுதல் சொன்ன அதே வாய்கள்தானே? என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதையும் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு கோயிலடியில் கதைத்தார்கள்.

கட்டிலைத் திரும்பவும் பூட்டித் தரச் சொல்லி மாமி அண்ணையிடம் கெஞ்சினா. அரிந்த பலகையை எப்படி ஒட்டுவது? வேலையை முடித்தோம். வாங்கு நன்றாகத்தான் வந்தது. மூன்று பெட்டைகள் நெருங்கி இருக்கலாம். நின்றுபோன பிள்ளைகளும் வந்தார்கள். பொழுதுபட்டால் மாமி வருவா, சுகம் கேட்பா, முருங்கைக்காயோ கத்தரிக்காயோ கொண்டுவந்து வைப்பா. ஆனால் அந்த வாங்கில் மட்டும் ஒரு நாளும் இருக்கவில்லை. நிலத்தில்தான் இருப்பா. பார்க்கப் பார்க்க எனக்கு அலுப்பாக இருக்கும்.

சண்டை முடிந்தது. மலாயாவிலிருந்து ஆட்கள் கப்பலில் வரத் தொடங்கினார்கள். சிலர் வந்தார்கள், சிலரைப் பற்றிச் செய்தி வந்தது. ஒரு நாள் பின்னேரம், தையல் நடந்துகொண்டிருந்த நேரம், அண்ணை படலையைத் திறந்து ஒருவரைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தார். அந்த ஆள் வாசலில் குனியாமல் உள்ளே வந்தார். அதனால்தான் இவர்தான் என்று ஆளை மட்டுக்கட்ட எனக்கு நேரம் எடுத்தது. குனிவதற்கு அவசியமில்லாமல் முதுகு முன்பே வளைந்திருந்தது. ரயில் பாதை போட யப்பான்காரர் காட்டுக்குள் கொண்டுபோனார்களாம். அதற்கு மேல் அவர் ஒரு நாளும் சொல்லவில்லை.

பெட்டைகள் எழும்பி ஒதுங்கினார்கள். அவர் வாங்கின் சாய்மானத்தில் இருந்த பூக்களைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இது எங்கடை கட்டில் எல்லோ?"

"ஓம். மூட்டை பிடிச்சிட்டுது. அதுதான்…" என்றேன். பழகிப்போன பதில் தானாக வாயில் வந்தது.

"பரவாயில்லை. இது காணும்" என்று சொல்லி அதிலே சரிந்தார்.

நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவதற்குள் நித்திரையாகிவிட்டார். முழங்காலை நெஞ்சோடு மடக்கி, இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவில். அந்தக் கட்டிலின் நீளமே போதாமல் கிடந்த மனிதர் இப்போது அதன் அகலத்துக்குள் அடங்கிக் கிடந்தார். தலைமாட்டில் ஒரு பிள்ளை இருக்கலாம் போல இடம் மிச்சமிருந்தது.

கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். அன்றைக்கு முற்றத்தில் வராத அழுகை அங்கே வந்தது. துலாக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். வந்துவிட்டாரே, இனி என்னடி அழுகை என்று யாரும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

திரும்பி வந்தபோது மாமி வந்திருந்தா. வாங்கின் பக்கத்தில் நிலத்தில் இருந்து விசிறிக்கொண்டிருந்தா. என்னை நிமிர்ந்து பார்த்தா. கட்டிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் மற்ற மூலையில் பாயை விரித்து, பெட்டைகளை நிலத்தில் இருத்தி, சத்தம் போடாமல் தைக்கச் சொன்னேன்.